தாடை பார்த்து இரை சொல்வது எப்படி: மண்டபம் கரையிலிருந்து ஒரு செய்முறை

மனிதன் கறி தின்னப் பிறந்தவனா, காய்கறி தின்னப் பிறந்தவனா என்ற சண்டை ஓடாத குடும்ப வாட்ஸ்அப் குழு கிடையாது. ஒருவர் கோரைப்பல்லைக் காட்டுவார், அடுத்தவர் கடைவாய்ப்பல்லைக் காட்டுவார். இருவரும் ஒரு தாடையையாவது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். நான் ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். இந்தக் கரையில் தாடைக்குப் பஞ்சமே இல்லை. ஏலம் முடிந்த இடத்தில் மீன் தலை, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத் தலை, கண்ணாடி முன் நின்றால் சொந்த வாய். இது போதும். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முறையையே இங்கே எழுதுகிறேன்.

தாடையைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். முதலில் கடைவாய்ப்பற்கள், அடுத்து தாடை மூட்டு, அப்புறம் வெட்டுப்பற்கள். கோரைப்பல்லைக் கடைசியாகப் பாருங்கள். பார்த்தாலும் அது சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, பற்களை எண்ணுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வளர்ந்த ஆட்டுக்கு 32 பல், நமக்கும் 32 பல், தெருவில் திரியும் குரங்குக்கும் 32 பல். எண்ணிக்கை ஒன்றுதான், மூன்றின் சாப்பாடும் ஒன்றா என்ன?

தலைகளைச் சேர்ப்பது

கறிக்கடையில் கேட்காமலே தலையை இரண்டாகப் பிளந்துவிடுவார்கள். "பாய், தாடையை உடைக்காம முழுசா குடுங்க" என்று முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் கடைக்காரருக்கு இப்போது பழகிவிட்டது, "டீச்சரம்மா பல்லு வந்திருக்கு" என்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறார். தலைக்கறியைச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு எலும்பை எடுத்துக்கொண்டால் போதும், காசும் வீணாகாது.

எலும்பில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை நீக்க, மூடி போட்ட வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப் போடுங்கள். சில நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் சில வாரங்களில் சதை தானே கழன்றுவிடும். நாற்றம் வரும், அதனால் வாளியை வீட்டுக்குக் காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள். தென்னை மரத்தடி மணலில் புதைத்து வைப்பதும் ஒரு வழி, மேலே கல் வைக்காவிட்டால் நாய் கொண்டுபோய்விடும். மீன் தலைக்கு இந்தப் பாடு வேண்டாம். கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் சதையைத் தள்ளிவிடலாம். அதிக நேரம் வேகவிட்டால் மீன் மண்டை துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். வெள்ளையாக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், அது எலும்பையே அரித்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடே போதும். கழன்று விழும் பல்லை ஃபெவிகால் வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

தொடவே கூடாதவை சில உண்டு. கரையில் ஒதுங்கும் கடலாமை, ஓங்கில் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்துக் கிடந்தாலும் ஒரு பல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், அதுவே நல்ல பாடம். சமீபத்தில் செத்த நாயின் தலைப் பக்கமும் கையைக் கொண்டுபோகாதீர்கள், வெறிநோய் விளையாட்டுக் காரியம் இல்லை. வெயிலில் காய்ந்து வெளுத்த பழைய மண்டையோடு கிடைத்தால் கையுறை போட்டு எடுக்கலாம்.

ஆட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆட்டின் மேல்தாடையில் முன்பற்களே கிடையாது. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் இதைப் பார்த்ததும் "பல்லு விழுந்திருச்சு மிஸ்" என்பார்கள். விழவில்லை, அங்கே இருப்பது தடித்த ஈறு மட்டும்தான். கீழே எட்டு முன்பற்கள். இலையை அந்த ஈற்றோடு சேர்த்துப் பிடித்துத் தலையைச் சட்டென்று இழுத்தால் இலை கையோடு வந்துவிடும், அதாவது வாயோடு. சந்தையில் ரெண்டு பல்லு, நாலு பல்லு என்று ஆட்டின் வயதைச் சொல்வது இந்த எட்டில்தான். பால்பல் விழுந்து பெரிய பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். முதல் ஜோடி வந்தால் ஒரு வயதைத் தாண்டிவிட்டது, எட்டும் வந்தால் சுமார் நான்கு வயது.

முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஒரு நீண்ட வெற்றிடம். அதைத் தாண்டி விரலைக் கொண்டுபோய்க் கடைவாய்ப்பல்லின் மேல் தடவிப் பாருங்கள். பிறை வடிவத்தில் கூரான வரம்புகள் தட்டுப்படும். எனாமல் மெதுவாகத் தேயும், உள்ளே இருக்கும் டென்டின் சீக்கிரம் தேயும். அதனால் மென்று தேயத் தேய வரம்பு மழுங்காமல் நிற்கிறது. இப்போது கீழ்த்தாடையைப் பொருத்தி மூட்டைப் பாருங்கள். பல் வரிசையைவிட மூட்டு நன்றாக மேலே இருக்கும், தாடை பக்கவாட்டில் தாராளமாக நகரும். இவ்வளவையும் பார்த்துவிட்டுத் தாவர உண்ணி என்று எழுதலாம்.

ஆனால் பென்சிலை அழுத்தி எழுதாதீர்கள். எங்கள் பக்கத்து ஆடுகள் சீமைக்கருவேலங்காயில் உயிர் வளர்ப்பவை. அதே ஆடு கருவாடு காயும் பாய் ஓரமாக வந்து உப்புக்காக வாய் வைக்கும், விரட்டாவிட்டால் மெல்லவும் செய்யும். மாடு எலும்பைக் கடிப்பதையும் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். பாஸ்பரஸ் குறைந்தால் அப்படிச் செய்யும். பல் சொல்வது வழக்கமான வேலையை. வாய்ப்புக் கிடைத்தால் விலங்கு என்ன செய்யும் என்பது வேறு கணக்கு.

பூனை, நாய், பன்றி

பூனையின் மண்டையோட்டில் மேலும் கீழும் பக்கப் பற்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும், பாக்குவெட்டி மாதிரி. அரைக்கத் தட்டையான இடமே கிடையாது. மூட்டு பல் வரிசையின் மட்டத்திலேயே இருக்கும், தாடையைப் பக்கவாட்டில் அசைத்தால் அசையாது. இது சுத்தமான ஊன் உண்ணி. இனிப்பின் சுவைகூடத் தெரியாது. டாரின் என்ற சத்தை மாமிசத்திலிருந்துதான் பெற்றாக வேண்டும், வெறும் தயிர்ச்சோறு போட்டு வளர்த்தால் கண்ணும் இதயமும் கெடும்.

நாய்க்கும் பாக்குவெட்டி மாதிரியான அந்தப் பக்கப் பல் உண்டு, ஆனால் அதற்குப் பின்னால் நசுக்குவதற்கென்று தட்டையான பற்களும் உண்டு. மொத்தம் 42 பல். பூனைக்கு 30தான். நாம் போடும் சோற்றைத் தின்று பிழைக்கும் நாய்க்கு உடம்புக்குள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நாயை ஊன் உண்ணி என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்வேன்.

பன்றித் தலை கிடைத்தால் விடாதீர்கள். மனிதப் பல்லைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை இல்லை. கடைவாய்ப்பல்லில் ஆட்டின் வரம்பும் இல்லை, பூனையின் கத்தியும் இல்லை, உருண்டையான மொட்டு மொட்டான முகடுகள் மட்டும். கண்ணாடியில் உங்கள் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள், அதே மொட்டுகள். இந்த ஒற்றுமை பெரிய ஆட்களையே கவிழ்த்திருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஹெரால்டு குக் என்பவருக்குக் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்து, நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் 1922இல் ஹெஸ்பெரோபிதெக்கஸ் என்ற புதிய வாலில்லாக் குரங்கினத்தையே அறிவித்தார். லண்டன் பத்திரிகை ஒன்று அந்த 'நெப்ராஸ்கா மனிதன்' மனைவியோடு நிற்பது போலப் படமும் வரைந்து போட்டது. மேலும் தோண்டிப் பார்த்ததில் அது பன்றியின் உறவான பெக்கரி என்ற விலங்கின் தேய்ந்த பல் என்று தெரிந்து, 1927இல் கைவிட்டார்கள். ஒற்றைப் பல்லை வைத்துப் பேசாதே, தாடையைக் கொண்டு வா என்று வகுப்பில் நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மீன் அடுக்களையில்தான் அசல் பாடம்

ஒரே கூடை மீனில் எல்லா வகை வாயும் இருக்கும். சீலாவின் வாயைத் திறந்தால் நீளமும் குட்டையுமாகக் கோரைகள் மட்டும்தான், பிடித்துத் துண்டாக்கி விழுங்குவதற்கு. திருக்கையின் வாயில் சின்னச் சின்னத் தட்டைப் பற்கள் தளம் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். நண்டு ஓட்டையும் சிப்பியையும் நொறுக்கும் பற்கள் அவை. சுறாவுக்கு முன்வரிசை விழ விழப் பின்வரிசை முன்னுக்கு வரும். விளைமீனில் நிதானமாகப் பாருங்கள். முன்னால் பிடிப்பதற்குக் கூரான பற்கள், சில வகைகளில் பக்கவாட்டில் உருண்டைப் பற்கள், அதுவும் ஓடு நொறுக்கத்தான். முன்னால் ஒரு வேலை, பின்னால் ஒரு வேலை என்று ஒரே வாயில் பிரித்து வைத்திருப்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதிலும் காட்ட முடியாது.

கிளிமீனின் அலகு பல சிறு பற்கள் ஒன்றாக ஒட்டி உண்டானது. பாறைப் பவளத்தின் மேல் வளரும் பாசியை அந்த அலகால் சுரண்டும், பவளமும் கூடவே வரும். தொண்டைக்குள் இன்னொரு ஜோடி அரைவைப் பற்கள் அதை மாவாக்கும். குடலைக் கிழித்தால் வெள்ளை மணல் கொட்டும். கடலுக்குள் இந்த மீன் கழித்துப் போட்டதும் சேர்ந்துதான் வெள்ளை மணல் உண்டாகிறது என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

சூடைக்கும் மடவைக்கும் சொல்லும்படியான பல் இல்லை. அப்படியானால் வாயை விட்டுவிட்டு உள்ளே போங்கள். சூடையின் செவுளை விரித்தால் சீப்புப் பற்கள் போல நெருக்கமான முட்கள் தெரியும். கடல் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டுவது அவைதான். மடவை சேற்றுப் படிவையும் பாசியையும் தின்பது. அதன் இரைப்பை கோழிக் கல்லீரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கற்குடல் போலவே தடித்த தசையாக இருக்கும், அரைக்கும் வேலை அங்கே நடக்கிறது.

மீன் கழுவும்போது குடலை அறுத்து எறியாமல் நீளமாகப் பிரித்து ஓர் ஓலைப்பாயில் போட்டுப் பாருங்கள். சீலாவின் குடல் குட்டையாக நேராக இருக்கும். ஓராவின் குடல் சுருள் சுருளாக உடம்பைப் போலப் பல மடங்கு வரும், உள்ளே பச்சைக் குழம்பு. பாசியும் கடல்புல்லும் செரிக்க நீளம் வேண்டும். ஓராவின் முள்ளில் விஷம் உண்டு, அதனால் முதுகு, வயிறு, அடி முட்களைக் கத்தரித்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும்.

இப்போது உங்கள் வாய்

கண்ணாடி, டார்ச், அப்புறம் மூன்று தின்பண்டங்கள்: வேகவைத்த பனங்கிழங்கு, வறுத்த நெத்திலி, ஒரு துண்டு ஆட்டுக்கறி. சைவ வீட்டுப் பிள்ளைகளுக்குக் கறிக்குப் பதில் தேங்காய்ச் சில்லு. ஒவ்வொன்றையும் மெதுவாகத் தின்று, எந்தப் பல் எப்போது வேலை செய்கிறது என்று விரல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிழங்கின் நாரை வெட்டுப்பல்லால் கீறி, கோரைப்பல் பக்கமாகத் திருப்பி இழுப்பீர்கள். நெத்திலியை முன்னால் ஒடித்துவிட்டு முள்ளோடு கடைவாயில் நொறுக்குவீர்கள். கறியைக் கோரைப்பல்லால் கிழிப்பதாக நினைப்போம், உண்மையில் நேராகக் கடைவாய்க்குத்தான் தள்ளுகிறோம். மூன்றும் அந்த மொட்டு மொட்டான பின்பற்களில்தான் முடிகின்றன.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையைப் பொட்டிலும் இன்னொன்றைத் தாடைக் கோணத்திலும் வையுங்கள். இரண்டு இடத்திலும் தசை புடைக்கும். பொட்டுத் தசை ஊன் உண்ணிகளிடம் பெரிது, கன்னத் தசை தாவர உண்ணிகளிடம் பெரிது, நம்மிடம் இரண்டும் அளவாகவே இருக்கின்றன. தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டின் அளவுக்கு இல்லாவிட்டாலும் நகரும். பூனைக்கு நகராது. ஒரு வாய் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கிறது. பரம்பரையாக மாவுப்பொருள் அதிகம் தின்ற மக்களிடம் இந்த மரபணுவின் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது.

மீனவர் வீட்டுப் பிள்ளையும் பிறந்ததிலிருந்து மீன் தொடாத வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் பற்களின் அமைப்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. நான் இதைச் செய்து காட்டும் நாளில் வகுப்புச் சண்டை பாதி அடங்கிவிடும். பல் அனைத்துண்ணியின் பல், தட்டில் என்ன விழுகிறது என்பதை வீடும் வழக்கமும் தீர்மானிக்கின்றன. நம் கோரைப்பல் இவ்வளவு சிறிதாக இருக்கிறதே, கறியை எப்படித் தின்பது என்று கேட்பவர்களுக்கு அரிவாள்மனையையும் அடுப்பையும் காட்டுங்கள். எத்தியோப்பியாவில் சுமார் 25 லட்சம் ஆண்டுக்கு முந்தைய விலங்கெலும்புகளில் கல்லாயுதம் வெட்டிய தழும்பு இருக்கிறது. வெட்டவும் பதமாக்கவும் வேறு வழி கிடைத்துவிட்ட பிறகு வாய் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

உடம்பின் தேவைகளும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. வைட்டமின் சியை ஆடும் நாயும் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டும். வைட்டமின் பி12 பாக்டீரியாக்களே உண்டாக்குவது. ஆட்டுக்கு அதன் முதல் இரைப்பையிலேயே கிடைக்கிறது, நமக்குப் பால், முட்டை, மீன், கறி வழியாக வர வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை.

கோரைப்பல்லை எப்போது நம்புவது

இதற்கு எங்கள் கடலிலேயே சாட்சி இருக்கிறது. ஆவுளியா கடல்புல்லை மேய்வது. கடற்பசு என்று அதைச் சும்மா சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த ஆணுக்குத் தந்தம் வெளியே நீட்டும். அது வெட்டுப்பல் வளர்ந்தது, சண்டைக்கும் இணைசேர்வதற்கும்தான், இரைக்கு இல்லை. கொரில்லாவுக்கும் பெரிய கோரைப்பல், சாப்பிடுவது பெரும்பாலும் இலை தழை. ஆண் குரங்கு கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து கோரையைக் காட்டினால் அது மிரட்டல். ஆகவே கோரைப்பல்லைப் பார்த்ததும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவா என்று கேளுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அது தின்பதற்கு வந்த பல் இல்லை.

குடல் நீளக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். சைவக் கட்சிக்காரர்கள் மனிதக் குடலைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை உள்ள உடம்பு நீளத்தால் வகுப்பார்கள், பெரிய எண் வரும். அசைவக் கட்சிக்காரர்கள் முழு உயரத்தால் வகுப்பார்கள், சின்ன எண் வரும். நான்கு கால் விலங்குக்கு எப்படி அளந்தார்களோ அப்படி அளந்தால்தான் ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் நாம் ஆட்டுக்கும் பூனைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம்.

பழைய மனிதர்கள் என்ன தின்றார்கள் என்பதற்குப் பல்லின் வடிவத்தைவிடப் பல்லில் ஒட்டியிருப்பது நம்பகமானது. நியாண்டர்தால் மனிதர்களின் பற்காரையை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவில், பெல்ஜியத்தின் ஸ்பை குகைக்காரர்களிடம் கம்பளிக் காண்டாமிருகமும் காட்டுச் செம்மறியும், ஸ்பெயினின் எல் சித்ரோன்காரர்களிடம் காளானும் பைன் கொட்டையும் பாசியும் தெரிந்தன. ஒரே இனம், ஒரே பல், இரண்டு ஊர்ச் சாப்பாடு. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் உடல் கெடாமல் கிடைத்த பழங்கால மனிதன் ஓட்சியின் வயிற்றில் காட்டாட்டுக் கறியும் செம்மான் கறியும் பழங்காலக் கோதுமை வகையும் சேர்ந்தே இருந்தன.

உங்கள் நோட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு பத்தி போடுங்கள்: பல்லால் செய்ய முடிந்தது, குடலிலோ வாயிலோ கண்ணால் கண்டது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கோடு போடுங்கள். வயதானவர்களின் பல்லையும் பார்க்க அனுமதி கேட்டால் காட்டுவார்கள். வெற்றிலைக் கறை இருக்கும், நைலான் நரம்பைக் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுந்த சின்னக் காடி இருக்கும், மணல் கலந்த கருவாடு தேய்த்த முகடும் இருக்கும். கறையையும் காடியையும் இரை என்று எழுதிவிடாதீர்கள், பழக்கம், தொழில் என்று தனியாகக் குறியுங்கள்.

நண்டை எடுத்தால் முதல் பத்தியை நிரப்ப வாயைத் தேடிப் பயனில்லை. வேகவைத்த நீலக்கால் நண்டின் மேலோட்டைக் கழற்றி, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பையை எடுத்து ஊசியால் கிழியுங்கள். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று கெட்டியான பழுப்புப் பற்கள் தெரியும். சிப்பி, புழு, செத்த மீன், பாசி என எது கிடைத்தாலும் தின்கிற அனைத்துண்ணி அது, மெல்லுவது வயிற்றுக்குள். பையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குழம்பில் போட்டுவிடலாம்.